மெயினில் விழுந்த வில்லை

ஓடுகிற ஆற்றின் விலாவில் ஓட்டை போட்டு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வாய்க்கால் பிரிக்கத் தெரிந்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருக்கிறார். சரி, உலகம் என்பது கொஞ்சம் கூடுதல். ஆறும் ஆறில்லை, தெருவுக்கடியில் போகிற மெயின் பைப். ஒரு சொட்டு என்றதும் சட்டை முழுக்க நனைகிற அளவுச் சொட்டு. மற்றதெல்லாம் சத்தியம்.

அவருக்குப் பட்டப்பெயர் பம்பரம். அவர் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் கிடையாது. டீயை நடந்துகொண்டேதான் குடிப்பார். நாற்காலி போட்டால், கால் ஆடுகிறதா என்று அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். குழி வெட்டுகிற கூட்டாளி சொல்வார்: "அண்ணே, உங்களைப் போட்டோ எடுத்தா எல்லாத்துலயும் மங்கலாத்தான் விழுவீங்க."

குழிக்குள் இறங்கி மெயின்மேல் கை வைத்தால் மட்டும் அந்தக் கை அடங்கும். அடங்கித்தான் ஆக வேண்டும். உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டிருக்கும்போதே, அதை நிறுத்தாமல், புது வீட்டுக்கு இணைப்பு எடுப்பது அவர் வேலை. குழாயைச் சுற்றிப் பட்டையை இறுக்குவார். அதன் தலையில் வால்வைத் திருகுவார். திறந்த வால்வின் வழியாகத் துளைக்கும் கருவியை இறக்குவார். வெட்டி முடித்துக் கருவியை மேலே இழுத்து, வால்வை மூடிக் கழற்றினால், குழாயிலிருந்து வெட்டுப்பட்ட வில்லை, பெரிய பித்தான் அளவுக்கு, கருவியின் வாயில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று பேச்சு.

இப்படி ஊரெல்லாம் இணைப்புக் கொடுத்தவர் வீட்டுக்கு இணைப்பு இல்லை. புது வீடு, சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. ஆனால் அந்தப் பகுதிக்கு முறை வரவில்லை. மனைவி கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள். மாமியார் கறார்ப் பேர்வழி.

"ஊருக்கெல்லாம் தண்ணி கொடுக்கிறீங்க மாப்பிள்ளை, எங்களுக்கு மட்டும் தண்ணி காட்டுறீங்க. குழாயில தண்ணி வந்தா பொண்ணு வருவா. அவ்வளவுதான்."

ஒருவழியாக அந்த நாள் வந்தது. காலையிலேயே மாமியாருக்குப் போன் போட்டு, "சாயங்காலம் கூட்டிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் குழிக்குள் இறங்கினார். இன்ஜினியர் அம்மா மேலே நின்று எச்சரித்தார்: "இந்த லைன்லதான் ஆஸ்பத்திரி இருக்கு. மெயினை நிறுத்த முடியாது, பார்த்துச் செய்யுங்க."

அன்றைக்குப் பார்த்து அந்தக் கை அடங்கவில்லை.

"மெதுவாண்ணே, பொண்டாட்டி எங்கயும் ஓடிட மாட்டாங்க" என்றார் கூட்டாளி.

"அவ ஓட மாட்டாடா. அவங்கம்மா ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

கருவியைக் கழற்றினார். வாய் காலி. தட்டினார், உதறினார், விரலை விட்டுத் துழாவினார். இரும்புத் தூள் வந்தது, வில்லை வரவில்லை. நடுவில் வில்லையைக் கவ்விப் பிடிக்கிற ஊசி வளைந்திருந்தது. தினமும் பார்த்துவிட்டு மாட்டுகிற ஊசி. அவசரத்தில் அன்றைக்குப் பார்க்கவில்லை.

கூட்டாளி குனிந்து கிசுகிசுத்தார்: "உள்ள விழுந்துடுச்சா? விடுங்கண்ணே. வால்வு நல்லாத்தானே இருக்கு? பைப்பை இணைச்சா சாயங்காலம் தண்ணி. யாருக்குத் தெரியப் போகுது?"

பம்பரத்துக்குத் தெரியுமே. குழியிலிருந்து ஏறி அந்தப் பக்கம் நடந்தார், இந்தப் பக்கம் நடந்தார். அந்த வில்லை தண்ணீரோடு உருண்டு போய் எந்த வால்வில் செருகிக்கொள்ளும்? ஆஸ்பத்திரிக்குப் போகிற கிளைக் குழாயில் செருகினால்? ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கிற சொந்த வீடு, இன்னொரு பக்கம் முகம் தெரியாத நோயாளிகள். நடந்த நடையில் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு இன்ஜினியர் முன்னால் போய் நின்றார்.

"மேடம், வில்லையை உள்ள விட்டுட்டேன். ஊசியைப் பார்க்காம மாட்டினது என் தப்பு."

அந்த அம்மா கத்தவில்லை. "அப்போ உங்க வீட்டு இணைப்பு அப்படியே நிக்கட்டும். முதல்ல வில்லையைத் தேடுவோம்" என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் மெயினைக் கழுவிவிடுகிற வால்வைத் திறக்கச் சொன்னார்.

திறந்தார்கள். பனைமர உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது. அதன் உச்சியில் வில்லை பளபளவென்று சுற்றிக்கொண்டே வந்து, இன்ஜினியரின் தொப்பியைத் தட்டிவிட்டு, விளக்குக் கம்பத்தில் "டங்" என்று மோதி, நேராகப் பம்பரத்தின் உள்ளங்கையில் விழுந்தது. அந்தி சாய்வதற்குள் வீட்டுக் குழாயில் தண்ணீர். மாமியார் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மகளை விட்டுவிட்டுப் போனார்.

இதுவரை எழுதியதைத் தெருக்கோடி வீட்டில் வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த பம்பரத்தின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியம்மா, வில்லை இன்னைக்கு வரைக்கும் கிடைக்கலை. வெறும் சேறுதான் வந்துச்சு. அது உள்ள போயிடாம ஆஸ்பத்திரிக் கிளைக் குழாய்க்கு வலை போட்டுட்டு, மறுவாரம்தான் எங்களுக்குத் தண்ணி விட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் போன்ல, 'நீ இப்ப வராதே'ன்னார். பேசும்போதே அங்கயும் இங்கயும் நடக்கிற சத்தம் கேட்டுச்சு. அம்மா போகாதேன்னாங்க. நான்தான் பிள்ளையையும் ரெண்டு குடத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டேன். தனியா விட்டிருந்தா அந்த மனுஷன் வில்லையைத் தேடி பைப்புக்குள்ளயே நுழைஞ்சிருப்பாரு."