பனியன் வேஸ்டும் என் பழைய காரும்

எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்குக் காலையிலிருந்து ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தலைவலி வரும், ஜன்னலைச் சாத்தட்டுமா என்று அண்ணன் மகள் கேட்டாள். நான் விடவில்லை. ஊரில் எல்லோரும் மல்லிகைக்கும் மண்வாசனைக்கும் மயங்குகிறார்கள். எனக்கு வாய்த்தது இந்தக் காவிப் பெயிண்ட். இது மூக்கில் ஏறினால் போதும், மங்கலம் சாலையில் இருந்த டிங்கர் பட்டறையும், அதற்குள் சக்கரங்களைக் கழற்றி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்த என் சின்ன வெள்ளைக் காரும் வந்துவிடும்.

காரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அது அவ்வளவு சுவாரசியமான கால் அல்ல. குழந்தையில் போலியோ. கம்பி வைத்த பூட்ஸும் ஊன்றுகோலும் இருந்தால் நடப்பேன், இல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்தில் ராணி. கோயம்புத்தூரில் ஒருவர் அந்தக் காரின் பிரேக், கிளட்ச், ஆக்ஸிலேட்டர் மூன்றையும் கையாலேயே இயக்கும்படி பிடிகளும் கம்பிகளும் வைத்துக் கொடுத்திருந்தார். பிறகு அவர் பட்டறையை மூடிவிட்டு மகனோடு வெளிநாடு போய்விட்டார். ஆக, உலகத்தில் நான் ஓட்டக்கூடிய கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் திருப்பூரில் எல்லோருமே எதையாவது ஏற்றிக்கொண்டு எங்காவது பறந்துகொண்டிருந்தோம். நான் சின்னதாக ஒரு செக்கிங், பேக்கிங் யூனிட் நடத்தினேன். பனியன் கட்டுகளைப் பின் ஸீட்டில் திணித்துக்கொண்டு அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் நானே போவேன். வேலை இல்லாத நாளிலும் போவேன். திருமுருகன்பூண்டியில் சிலைக்குக் கல் கொத்தும் சத்தம் கேட்கும் இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டில் கேட்டால் பார்ட்டியைப் பார்க்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு மழைநாளில் சிக்னலில் பிரேக் பிடியை அழுத்தினேன். வண்டி நிற்பதற்கு முன் காலடியில் தரை நகர்ந்தது. பிடியைத் தாங்கும் இரும்பு, தரைத்தகட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. போல்ட் அப்படியேதான் இருந்தது, தகடுதான் அதை விட்டுவிட்டது. முன்னால் நின்ற டெம்போவுக்கு ஒரு சாண் இடைவெளியில் எப்படியோ நின்றேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து இழுத்து, ஊர்ந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

அண்ணன் கத்தவெல்லாம் இல்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அத எடைக்குப் போட்டுரு கண்ணு. டிரைவர் வெச்சுக்கலாம். இல்லீன்னா ஊட்ல இருந்தே போன்ல பாத்துக்க. உனக்கெதுக்கு இந்தப் பாடு?" பாசமாகத்தான் சொன்னான். அந்தப் பாசத்துக்குத்தான் நான் பயந்தேன். வீட்டில் இருந்து போனில் பார்த்துக்கொள்வது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், காருக்கு முன்னால் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். மறுநாள் காலையில் ஒரு லோடு ஆட்டோவின் பின்னால் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மங்கலம் சாலைக்குக் கிளம்பினேன்.

டிங்கர் செல்வராஜ் அண்ணன் காரின் அடியில் படுத்து, சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். நல்ல தகடு கணீரென்றது. மற்ற இடங்களில் சத்தமே இல்லை, துருதான் பொலபொலவென்று அவர் மீசையில் கொட்டியது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்ட ஆரம்பிச்சா ஒண்ணும் மிஞ்சாதுங்க அம்மிணி."

"மிஞ்சறத வெச்சுக் கட்டுங்கண்ணா."

"பேசாம வேற வண்டி வாங்கிக்கலாமுங்களே."

"வேற வண்டிய என்னால ஓட்ட முடியாதுங்கண்ணா" என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து அந்தப் பிடிகளையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். அப்புறம் ஸ்பேனரை எடுத்து ஸீட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

காருக்குள் விரித்திருந்த மிதியடியை உரித்ததும்தான் அந்தக் கூத்து. தரையில் இருந்த ஓட்டைகளில் எல்லாம் பனியன் துணி. இழுக்க இழுக்க வருகிறது. அரக்கு, கிளிப்பச்சை, நீலக்கோடு, ஒரு குழந்தைச் சட்டையின் யானைப்படம் போட்ட பாதி வயிறு. ஒவ்வொரு துண்டும் எனக்கு ஒரு ஆர்டர். அந்த அரக்கு, சாயம் ஒட்டவில்லை என்று முழு லாட்டும் திரும்பி வந்து எங்களை அழவைத்தது. நீலக்கோடு, தீபாவளிக்கு முந்தைய வாரம் கப்பலைப் பிடிக்கப் பிசிறு வெட்டியே விரலைப் புண்ணாக்கிக்கொண்ட ஆர்டர். மழைத் தண்ணீரையும் கழுவிய தண்ணீரையும் குடித்து, வருடக்கணக்காகத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஈரம் காயாமல் கிடந்திருக்கின்றன. அதிலும் எங்கள் காம்பவுண்டு போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டதென்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் சாயப்பட்டறை, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். தினமும் காலையில் காரின் அடிவரை ஹோஸ் பிடித்துக் கழுவுவது அந்தத் தண்ணீரில்தான்.

கழுவியது, துணி அடைத்தது இரண்டும் அருள்மேரி அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து என் யூனிட்டில் செக்கிங் பார்த்தவர். திருப்பூரில் எதற்கும் மருந்து, வெட்டியது போக மிஞ்சும் பனியன் வேஸ்ட்தான். குழாய் ஒழுகினால் அதைச் சுற்றுவோம், கதவு ஆடினால் அதைச் செருகுவோம், தலையணைக்குள்ளும் அதுதான். காரின் தரை ஓட்டையாக இருந்தால் மட்டும் வேறு என்ன செய்வார்?

சாயங்காலம் யூனிட்டுக்குத் திரும்பியதும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எம்மா, என்ன சொல்லுதாரு டிங்கரு? மழைல ஒங்க காலு நனையக் கூடாதுன்னு நானும் ஓட்டைலாம் அடைச்சிக்கிட்டுதான இருந்தேன். பொறவு எப்படிம்மா இப்படி ஆச்சு?"

"வண்டிக்கு வயசாயிருச்சாமுங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? என் கால் நனைவதைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படி யோசித்ததில்லை.

பட்டறைக்குத் தினமும் போனேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கென்றே ஆகிவிட்டது. தரையை வெட்டினால் வண்டியின் உடம்பு தொங்கிப்போகும் என்று, கதவு இருக்கும் இடங்களில் குறுக்கே இரும்பு ஆங்கிளை வைத்து முட்டுக் கொடுத்தார் செல்வராஜ் அண்ணன். ஒரு பக்கத்தை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட்டார். ஒரே மூச்சில் பற்றவைத்தால் தகடு நெளியும் என்று இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. நடுவில் கரண்ட் போய்விடும். அந்த வருடங்களில் அது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் டீ குடித்துவிட்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்போம். இந்த இடத்தில் பழசையே விட்டுவிடலாமே என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஊன்றுகோலின் நுனியால் அந்த இடத்தைக் குத்திப் பார்ப்பேன். உள்ளே போனால் வெட்டியாக வேண்டும். "அம்மிணி கோலை எடுத்தாலே எனக்குப் பயமுங்க" என்பார். பிரேக் பிடி நிற்கும் இடத்தில் மட்டும் கனமான தகடாக வைத்து, அடியிலும் ஒரு பட்டை கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். தண்ணீர் வடிய ஓட்டை விட்டார். காவிப் பெயிண்ட் இரண்டு கோட்டிங், அதற்கு மேல் தார். என் சேலையெல்லாம் அந்த வாசனைதான். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரி எழுந்து வேறு இடம் போனாள்.

வேலை முடிந்த அன்று உள்ளே ஏறி உட்கார்ந்து, பிரேக் பிடியை என் பலமெல்லாம் சேர்த்து அழுத்தினேன். தரை அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். அழுகை வந்தது, தார் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஓட்டிப் பாருங்கண்ணா."

"எனக்கெங்கீங்க இதெல்லாம் ஓட்ட வரும்? இத்தன நாளா கட்டை மேலதானுங்களே நிறுத்தி வெச்சிருந்தோம்" என்றார். நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளம் வந்தபோதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் அண்ணன் குனிந்து, மிதியடியைத் தூக்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். டிரைவர் பேச்சை எடுக்கவில்லை. "செரி, தாராபுரம் ரோட்டுல லாரி அதிகம், பாத்துப் போ" என்று மட்டும் சொன்னான். நான் தாராபுரம் போவதாகச் சொல்லவே இல்லை. அடுத்த நாளே போனேன். அமராவதிப் பாலத்தைத் தாண்டி ஒரு இளநீர் குடித்துவிட்டு, வேறு வேலையே இல்லாமல் திரும்பினேன்.

அந்தத் தரை பிறகு என்னை ஏமாற்றவே இல்லை. ஆறேழு மழைக்காலம் தாங்கியது. அருள்மேரி அக்கா ஊருக்குப் போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. துரு கீழிருந்து வரும் என்றுதான் நாங்கள் எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். போனது என் தோள். அத்தனை வருடம் காலின் வேலையையும் சேர்த்துச் செய்த தோள், ஒருநாள் பிரேக் பிடியை அழுத்த மாட்டேன் என்றுவிட்டது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க ஆள் இல்லை. டிரைவர் வேண்டும் என்று அண்ணனிடம் நானே கேட்டேன்.

நல்ல பையன், கைப்பிடிகள் இல்லாத வேறு காரைப் பதமாக ஓட்டுகிறான். போன வாரம் பின் ஸீட்டில் உட்கார்ந்து, "நேராப் போப்பா" என்றேன்.

"எதுவரைக்குமுங்க மேடம்?" என்று கேட்டான்.

சும்மா போகிற இடத்துக்குப் பேர் ஏது? வீட்டுக்குத் திருப்பச் சொன்னேன்.