குதிரை இல்லாத லாயம்

வழிகாட்டி வேலை என்பது, கேட்க ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் கதையைத் தயாராக வைத்திருக்கிற வேலை. கடையிலோ கந்தோரிலோ வகுப்பறையிலோ ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்காபரோவில் பழைய பெருவீதியோரம், குதிரைவண்டிப் பயணிகள் இராத்தங்கிய சத்திரம் ஒன்று இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. முன்னுக்கு இரண்டு மாடிச் செங்கல் கட்டடம், நடுவில் வண்டி நுழைகிற வளைவு வாசல், பின்னுக்குக் கல் பாவிய முற்றம், முற்றத்தைச் சுற்றி லாயம். மனைவி இறந்த பிறகு வெறும் வீட்டில் இருக்க ஏலாமல் நான் பிடித்த வேலை இது. ஆறு வருஷமாகிறது.

வளைவு வாசல்

ஒரு சனிக்கிழமை தமிழ்க் கலியாணச் சோடி ஒன்று படமெடுக்க வந்தது, பின்னாலே முப்பது சொந்தக்காரர். எனக்குப் புளுகமும் சந்தோஷமும் தாங்கவில்லை. முதன்முறையாகத் தமிழில் விளக்கப்போகிறேன்! வண்டிக் கூரையிலும் ஆட்கள் இருந்து வந்ததால்தான் வாசல் இவ்வளவு உயரம் என்றேன். சுவரடியில் சரிவாக நிற்கிற கல்லைக் காட்டி, வண்டிச் சில்லு சுவரில் உரசாமல் தள்ளிவிடத்தான் அது என்றேன்.

சொந்தக்காரர் எல்லாரும் படமெடுக்கப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். முடித்ததும் என் தோளில் கை வைத்தார்.

"நல்ல வடிவாச் சொல்லுறியள் அண்ணை. வாஷ்ரூம் எந்தப் பக்கம்?"

பரண்

தை மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளில் ஒருவரும் வருவதில்லை. அப்படியொரு நாள் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தடியூன்றி வந்தார். குதிரைக்காரன் எங்கே படுப்பான் என்று கேட்டார். லாயத்துக்கு மேலே பரணைக் காட்டினேன். பலகைகளுக்கு நடுவே ஒரு திறப்பு இருக்கிறது. வைக்கோல் அதன் வழியாகக் கீழே விழும், குதிரைகளின் சூடு அதன் வழியாகவே மேலே ஏறும்.

நெடுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது:

"கீழே ஒரு உயிர் மூச்சு விட்டால் நல்லாய் நித்திரை வரும். என் வீட்டில் ஃப்ரிட்ஜ்தான் சத்தம் போடுகிறது."

உத்தரம்

மூன்று நாள் விடாமல் பாரமான பனி கொட்டியிருந்தது. லாயத்துக்குள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகுப்பு, வாங்குப் பலகைகளில் இருந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மேலே 'டக்' என்றொரு சத்தம். கூரையைத் தாங்குகிற நடு உத்தரத்தில் மயிரளவு வெடிப்பு ஒன்று இருப்பதை நான் தினமும் பார்ப்பேன். அன்று அதற்குள் விரல் போகும் போலிருந்தது.

"எல்லாரும் எழும்புங்கோ! வெளியில!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். பிள்ளைகள் கோட் போடவில்லை என்று ஆசிரியை கோபித்தார். விடாமல் எல்லாரையும் சத்திரத்துச் சமையல் குசினிக்குள் ஏற்றினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் உத்தரம் முறிந்து, பிள்ளைகள் இருந்த அதே வாங்குகளின் மேல் விழுந்தது. ஒருவருக்கும் கீறல் கூட இல்லை.

ஆசிரியை அழுதார். பஸ் போனபிறகு யாருக்காவது சொல்லவேணும் போலிருந்தது. கல்கரியில் இருக்கிற மகளுக்குப் போன் அடித்தேன்.

"அப்பா, மீட்டிங்கில நிக்கிறன். ஏதும் அவசரமெண்டா டெக்ஸ்ட் பண்ணுங்கோ."

நீள மேசை

வண்டிக்குக் குதிரை மாற்றுகிற நேரத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக இருந்து சாப்பிட்ட நீள மேசை, கீழ்க்கூடத்தில் அப்படியே இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்த முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஞாயிறுதோறும் வந்து அதன் ஒரு முனையில் இருப்பார். என் பிளாஸ்க் தேத்தண்ணியில் பாதி அவருக்கு. பனி, கிரிக்கெட், அவருடைய அம்மாவின் முழங்கால் வலி. இவ்வளவும்தான் எங்கள் பேச்சு.

பிறகு நாலு ஞாயிறு ஆளைக் காணவில்லை. கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தேன். ஐந்தாம் ஞாயிறு சூட்கேசோடு வந்தார். வேலை போய்விட்டதாம், ஊருக்குப் போகிறாராம். வெளியே டாக்ஸி நின்றது.

"எயார்போட் மற்றப் பக்கமெல்லோ தம்பி, இஞ்சால ஏன் வந்தனீங்கள்?" என்றேன்.

"தெரியும்ணே. இந்த ஊர்ல போயிட்டு வரேன்னு சொல்றதுக்கு உங்களை விட்டா எனக்கு யாரும் இல்லை."

வருகிறவர்கள் விடிந்ததும் போகவேணும் என்றே கட்டின கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, ஒருவரும் நிற்கிறார்கள் இல்லையே என்று குறைப்படுகிறேன் என்றால் பிழை என்னில்தானே!