கத்தாத வால்வு

என் பெரியப்பா ஈக்காட்டுத்தாங்கலில் சலவைக்கூடம் வைத்திருந்தார். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் துவைக்க வரும். ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்கு ஓய்வு. மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து பாய்லரை ஏற்றுவார்கள். மேற்கு மாம்பலத்திலிருந்து குடும்பத்தோடு போய் நிற்போம். மற்றவர்கள் சாமிக்காக வந்தார்கள். நான் சத்தத்துக்காகப் போனேன்.

பாய்லர் சூடேறியதும் பெரியப்பா அதன் உச்சியிலிருந்த சேஃப்டி வால்வின் சங்கிலியை ஒரு இழு இழுப்பார். ஆவி வீலென்று அலறிக்கொண்டு வெளியேறும். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கூத்தாடுவோம். நாங்கள் இல்லாத நாளிலும் தினமும் காலையில் இவருக்கு இதே ரகளைதான் என்று பெரியம்மா அலுத்துக்கொள்வாள். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து, பாய்லர் வெடிக்காமல் காக்க வேண்டிய வால்வு அது. எனக்கோ அது பெரியப்பா எங்களுக்குக் காட்டும் வேடிக்கை.

அந்த வருஷம் பூஜைக்காகச் சுத்தம் செய்யும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பழசாகத் தெரிவது எதுவும் ஆகாது. வெள்ளி நிற பெயின்ட் டப்பாவைத் திறந்தால் அது தீரும்வரை ஓயவும் மாட்டார். பாய்லர், குழாய், வால்வு எல்லாம் மாப்பிள்ளைக் களையோடு மின்னின. பெரியம்மா தன் பங்குக்கு, பிரஷர் காட்டும் மீட்டரின் கண்ணாடி நடுவே பெரிய சந்தனப் பொட்டாக வைத்தாள். முள் எங்கே நிற்கிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மறுநாள் பாய்லர் சூடேறியது. நான் காதைப் பொத்திக்கொண்டு தயாராக நின்றேன். பெரியப்பா சங்கிலியை இழுத்தார். சத்தமே இல்லை. மறுபடி, கிட்டத்தட்டத் தொங்கிக்கொண்டே இழுத்தார். வால்வு அசையவில்லை. வேட்டி நுனியால் பொட்டைத் துடைத்து முள்ளைப் பார்த்தவர், சட்டென்று பர்னரை அணைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

“அண்ணே, நல்ல நேரம் போய்க்கினு கீது,” என்றார் சித்தப்பா.

“நாளைக்கும் நல்ல நேரம் வரும். மொதல்ல புள்ளைங்கள இட்டுக்கினு எல்லாரும் தெருக்கோடிக்குப் போங்க,” என்றார் பெரியப்பா.

கையில் சுண்டலோடு தெருக்கோடிக்கு விரட்டப்பட்டோம். அவர் மட்டும் உள்ளே நின்று, குழாய் வழியாக ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிக்கொண்டிருந்தார். விஜயதசமியன்று ஏற்றிய நெருப்பை அணைக்கலாமா என்று அத்தை ஆற்றாமைப்பட்டாள். பெரியம்மா கூடத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெரியப்பா சட்டை தொப்பலாக நனைந்து வெளியே வந்தார். பிரஷர் இறங்கிவிட்டது என்று கையசைத்துக் காட்டினார். பெரியம்மா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிறகு வால்வைக் கழற்றியபோது, இடுக்கில் இறங்கிக் காய்ந்த பெயின்ட் அதை இறுகப் பிடித்துவைத்திருந்ததாம். அதைச் சரிசெய்து, சோதித்து, மாட்டிவிட்டு, ஒரு ராகு காலத்தில்தான் பெரியப்பா பாய்லரை ஏற்றினார். சித்தப்பா அன்று பஞ்சாங்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் வெளியே வந்த அந்த நேரத்தில் பெரியப்பா நேராகப் பிள்ளைகளிடம்தான் வந்தார். ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போனார். விஜயதசமி ஆசீர்வாதம் என்று நினைத்து நான் அவர் காலில் விழுந்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். பெரியப்பாவுக்கு எண்ணிக்கை தவறிப்போயிற்று. எங்களை எழுப்பி நிறுத்தி, மறுபடியும் முதல் தலையிலிருந்து தொட ஆரம்பித்தார்.