காரப்பொடியின் தொண்டையில் ஒரு விளக்கு

ஃபார்மலின் வாடை மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் வரும். எனக்கு அதோடு காசிமேட்டு மீன் துறைமுகமும் ஞாபகம் வரும்...

எம்.எஸ்சி. விலங்கியல், கடைசி வருடம். என் ஆய்வு காரப்பொடியைப் பற்றி. விரல் நீளத் தட்டை மீன், வெள்ளித் தகடு மாதிரி. கரையோரச் சேற்றுக்கு மேலே கூட்டம் கூட்டமாகத் திரியும். வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் போல நீளும். வலையில் அள்ள அள்ள வரும் என்பதால் யாருக்கும் அதன் மேல் மதிப்பில்லை.

மீன் கொடுத்தது ஸ்டெல்லா. ராயபுரம் பள்ளியில் பத்தாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவள். பிறகு அவள் தன் அம்மாவோடு காசிமேட்டில் மீன் விற்கப் போனாள், நான் கல்லூரிக்குப் போனேன்.

ஒருநாள் போகிற போக்கில் சொன்னாள்: "காரப்பொடி தொண்டையில வெளக்கு கீதுடி."

நான் நம்பவில்லை. எங்கள் நூலகத்துப் புத்தகங்களிலும் அப்படி ஒரு வரி இல்லை. ஃபார்மலின் பாட்டிலில் நான் போட்டுவைத்திருந்த மீன் ஒன்றை இருட்டறையில் அறுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆய்வேட்டில் எழுதினேன்: 'இம்மீன் ஒளிரும் என்பது மீனவர் நம்பிக்கை. சோதித்ததில் உண்மையில்லை.'

மறுநாள் பைண்டிங். அதற்கு முன் அதை அவளிடம் படித்தும் காட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஸ்டெல்லா தராசைக் கீழே வைத்தாள்.

"நான் பொய் சொல்றேன்னு புக்குல எழுதிட்டியா?"

அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பாட்டிலில் இருந்த மீனை அறுத்ததைச் சொன்னதும்தான் அவளுடைய பழைய குரல் திரும்பியது. "மருந்துல ஊறப்போட்டா எப்டிடி எரியும்? உன்ன ஊறப்போட்டா நீ பேசுவியா? காலைல வா."

போனேன். அப்போதுதான் இறக்கிய குவியலிலிருந்து நாலு மீனை எடுத்தாள். தடித்த தார்ப்பாயை இழுத்து இருவர் தலையிலும் போர்த்தினாள். வெளியே நல்ல வெயில். உள்ளே புழுக்கம், டீசல் வாடை, கும்மிருட்டு. ஒரு நிமிடத்தில் எழப்போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குந்து. இருட்டுக்குக் கண்ணு அடங்கட்டும்."

ஐஸ் உடைக்கிறவர் வெளியிலிருந்து, உள்ளே என்ன படம் ஓடுகிறது என்று கேட்டார். "டிக்கெட் இல்ல, போ நைனா" என்றாள்.

பிறகு கத்தி நுழைகிற சத்தம்...

முதலில் கண்ணின் ஏமாற்று என்றே நினைத்தேன். விரலால் மறைத்தேன், மறைந்தது. விரலை எடுத்தேன், இருந்தது. தொண்டையைச் சுற்றி மோதிரம் போல, நீலமும் பச்சையும் கலந்த ஒரு மினுக்கம். செத்த மீனில்.

 

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எரிவது மீன் அல்ல, அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். குஞ்சு பிறக்கும்போது அவை கிடையாது. கடல் தண்ணீரிலிருந்து தன் விளக்கைத் தானே சேர்த்துக்கொள்கிறது. அந்த வெளிச்சம் வயிற்றின் வழியாகக் கீழே கசிய, மேலே தெரியும் வானத்தோடு கலந்துபோய், அடியில் வரும் பெரிய மீனுக்கு இதன் நிழல் தெரியாதாம். ஒளிந்துகொள்வதற்காக விளக்கேற்றும் மீன்!

அன்று பைண்டிங் கடை வாசலில் நின்று அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'ஒளிர்கிறது. காட்டியவர் ஸ்டெல்லா, காசிமேடு.' என் ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு முகம் சுளித்தார். நான் மாற்றவில்லை.

இப்போது எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல். காரப்பொடி முன்னே மாதிரி வருவதில்லை என்கிறாள் ஸ்டெல்லா. திருவொற்றியூரில் எங்கள் அடுக்ககத்துக்கு மீன் செல்போன் ஆப் வழியாக வருகிறது, தலையும் குடலும் எடுத்து, சுத்தமாக. விளக்கு எந்தக் குப்பைக்குப் போகிறதோ...

அதனால் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவளே முழு மீனாகக் கொடுத்தனுப்புவாள். நான் பாத்ரூம் கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகி உட்கார்வேன். சரியாக அப்போது போன் அடிக்கும். திரை வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று குப்புறக் கவிழ்த்தபடியே எடுப்பேன்.

"இன்னாடி, எரியுதா?"

"இரு ஸ்டெல்லா, இன்னும் கண்ணு அடங்கல."