கொக்கியில் தொங்கிய வயிறு

ஜெர்மனிக்குப் போன புதிதில் எனக்கு வினோதமாகப் பட்டது பனியும் இல்லை, குளிரும் இல்லை. ஸ்டுட்கார்ட்டில் ஒரு துணிக்கடையில், உடை மாற்றும் அறையின் கொக்கியில், ஒரு வயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு அடைத்த உருண்டைத் தலையணை, பின்பக்கம் கட்டிக்கொள்ள இரண்டு நாடா. கர்ப்பிணிகளுக்கான உடைகளுக்கு அவர்கள் மொழியில் 'உம்ஷ்டாண்ட்ஸ்மோடெ' என்று பெயர். அதை மட்டுமே விற்கும் கடை அது. மூன்றாம் மாதம், நான்காம் மாதமே வாங்க வருகிறவர்கள், வயிறு பெருத்த பிறகும் உடை பத்துமா என்று கட்டிப் பார்க்கத்தான் அந்தத் தலையணை. நம் ஊரில் இந்தப் பாடெல்லாம் இல்லை. சேலை எந்த வயிற்றையும் சுற்றிக்கொள்ளும். கொசுவத்தில் இரண்டு மடிப்பு குறையும், ஜாக்கெட்டின் உள்தையலைப் பிரித்துவிட்டால் பிரசவம் வரைக்கும் ஓடும்.

அப்போது எனக்கு நாலு மாதம். கூட வேலை பார்த்த பிர்கிட்தான் கடைக்கு அழைத்துப்போனாள். தலையணையைக் கட்டி, மேலே கோடு போட்ட டீ-சர்ட்டை இழுத்துவிட்டு, பக்கவாட்டில் நிற்கச் சொல்லி கேமராவை எடுத்தாள். எங்கள் ஊரில் வயிற்றைப் படம் எடுக்க மாட்டார்கள், கண் பட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். கண்ணுக்கு ஏதோ ஆகும் என்பதுவரை அவளுக்குப் புரிந்தது. ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுத்தாள். அந்த ஊருக்குப் போனதிலிருந்து யாரும் என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் முன்பின் தெரியாத ஒருத்தி என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியில் தெரிந்தவளையும் பிடித்திருந்தது. பொய் வயிறுதான் என்றாலும், அந்த ஊரில் நான் முதல்முறையாக ஒரு ஆளாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அந்தப் படத்தை மதுரை வில்லாபுரத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினேன். தலையணை விஷயத்தை எழுதவில்லை. படம் கிடைத்ததும் போனில் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் பிள்ளை கலைந்துவிட்டது. நான் அழுதுகொண்டே போனில் சொன்ன அதே வாரம் படமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வயிற்றைக் காட்டிப் படம் எடுத்ததால்தான் எல்லாம் போயிற்று என்று கிழித்துப் போட்டிருப்பாள் என்று நானே முடிவுகட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிய பேச்செல்லாம் சோறு, தண்ணி, குளிர் இவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். மதுரை விமான நிலையத்தில், டீ-சர்ட்டில் துருத்திக்கொண்டிருந்த வயிற்றை அம்மா முதல் வேலையாகத் துண்டால் மூடினாள். மறுநாளே மூன்று நைட்டி வாங்கி வந்தாள். பெயர்தான் நைட்டி, வில்லாபுரத்தில் அது பகல் உடை. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் பால் வாங்கலாம், மாவு மில்லுக்குப் போகலாம். அதற்குள் நுழைந்ததும் எனக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லாமல் போயிற்று. ஜெர்மனியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு நடந்தாலும் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். இங்கே அதை மூடி வைத்திருந்தேன், தெருவே பேசியது. பக்கத்து வீட்டு சௌராஷ்டிர அக்கா கைவைத்துப் பார்த்துவிட்டு, வயிறு இத்தனை சின்னதாக இருக்கிறதே, ஏழு மாதம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். திருமங்கலத்திலிருந்து வளைகாப்புக்கு வந்த மாமியார் வீட்டுச் சனமும் அதையேதான் சொன்னது.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். முட்டை, பால், ஈரல் என்று வேளைக்கு ஒன்றாகத் திணித்தாள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பிள்ளை சரியான எடையில் இருக்கிறது என்று படித்துப் படித்துச் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் வேறு ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. ஊரார் பேச்சைக் கேட்டு ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன்.

அம்மா பீரோவைத் திறந்து, பட்டுச்சேலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே அந்தப் படம். எடுத்து எடுத்துப் பார்த்ததில் ஓரம் நைந்திருந்தது.

"இங்க பாரு தாயி. அப்ப உனக்கு நாலு மாசம். எம்புட்டு வயிறு பாரு. இம்புட்டு வளந்த பிள்ளையே தங்கல. இப்ப ஏழு மாசமாச்சு, இதுல பாதி கூட இல்ல. நான் எப்படி உறங்குவேன்?"

அந்தப் பிள்ளைக்கென்று இருப்பது இது ஒன்றுதான், அதனால் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றாள். உண்மையைச் சொன்னால் அவள் பயம் போய்விடும். அந்த ஒன்றும் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் அவள் இப்படியே செத்துப் பிழைப்பாள்.

"அம்மா, அது தலகாணி."

அவளுக்குப் புரியவில்லை. கட்டிலில் கிடந்த சின்னத் தலையணையை எடுத்து நைட்டிக்கு மேல் வைத்துத் துப்பட்டாவால் கட்டிக் காட்டினேன். கடையையும் கொக்கியையும் சொன்னேன். அம்மா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"அப்ப உள்ள பிள்ளை இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சும்மா."

"தலகாணிக்குப் பின்னால."

"ஆமா."

"அப்பச் சரி" என்று படத்தைத் துடைத்து மறுபடி சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். வேறு ஆஸ்பத்திரி பேச்சு அதோடு நின்றது. அன்றைக்கு ராத்திரி ஈரலும் இல்லை, வெறும் ரசம்.

மகள் நல்ல எடையோடு பிறந்தாள். இப்போது ஸ்டுட்கார்ட்டில் பள்ளிக்கூடம் போகிறாள். எத்தனை பிள்ளைகள் என்று அங்கே கேட்டால் ஒன்று என்று சொல்வேன், அதுதான் சரியான பதிலும். போன விடுமுறையில் வில்லாபுரத்தில் அம்மா பீரோவைத் திறந்தபோது இவள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். இது யார் என்று கேட்டாள். உங்கம்மா என்றாள் அம்மா. பிறகு தலையணையின் மேல் விரலை வைத்து, "இது உனக்கு மூத்தது" என்றாள். ஜெர்மனியில் எனக்கு ஒரு பிள்ளை. வில்லாபுரத்தில் இரண்டு.