பதினொரு வயதும் முப்பத்தெட்டு சைஸும்

என் மகனுக்குப் பதினொரு வயது. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் அரை டிக்கெட் கேட்டால் கண்டக்டர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, என்னை ஒரு திருடியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அதனால் அவனுடைய ஆதார் அட்டை எப்போதும் என் பையில் இருக்கும். பெற்ற தாய் தன் பிள்ளை பிள்ளைதான் என்பதற்கு அத்தாட்சி சுமந்து திரிகிற கொடுமை வேறு எங்கேயாவது உண்டா என்று தெரியவில்லை.

வளர்த்தியான பையன். என் தோளைத் தாண்டி நெற்றிக்கு வந்துவிட்டான். தேகமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அவன் அப்பா வீட்டு ஆண்கள் எல்லாருக்குமே கதவு நிறைந்த உடம்பு. அப்படியிருந்தும் கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும் "பிள்ளைக்கு என்னட்டி குடுக்க?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். சோறுதான் கொடுக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள், காற்றா? இப்படிக் கேட்க வாய் வரைக்கும் வரும். பல சமயம் வாயைத் தாண்டியும் வந்திருக்கிறது.

போன ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருவட்டாறு, மண்டபமும் அங்கேயே. இப்போதைய கல்யாணங்களில் குடும்பத்துக்கே யூனிபார்ம் உண்டல்லவா, பள்ளிக்கூடத்தில் போட்டது போதாதென்று. பெண்களுக்கு ஒரு நிறம், ஆண்களுக்கு ஒரு நிறம், பிள்ளைகளுக்கு ஒரு நிறம். பையன்களுக்கு வான நீலத்தில் சட்டை, பையில் சின்னதாக ஒரு யானை தைத்தது, கீழே இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி. எல்லாப் பையன்களுக்கும் நாத்தனாரே நாகர்கோவிலில் எடுத்துவிட்டாள். என் மகனுக்கு மட்டும் எடுக்கவில்லை.

போனில் கேட்டேன்.

"அவனுக்கு அந்த சைஸ் எங்கட்டி இருக்கு? முப்பத்தெட்டு வேணும்லா. பெரியவங்க கூட சேத்து மெரூன் சட்டை எடுத்தாச்சு. கொள்ளாம், அவன் நெறத்துக்கு நல்லா இருக்கும்."

"மைனி, அவன் சின்னப்பிள்ளையளுக்க கூடல்லா நிப்பான்?"

"நிக்கட்டும், ஆரு வேண்டாம்னா? ஆனா போட்டோவுல ஒரு ஒழுங்கு வேணும்லா?"

அவனிடம் சொன்னேன். சாயங்காலம் வந்து, "அம்மா, அந்தச் சட்டையில யானை உண்டும்லா?" என்று மட்டும் கேட்டான். அத்தை பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்திருக்கிறான். மெரூன் சட்டையில் யானை கிடையாது.

மஸ்கட்டில் இருக்கிற என் கணவரிடம் சொல்லிப் புலம்பினால், "என் சட்டை ஒண்ண எடுத்துப் போட்டு விடு, இப்ப அவனுக்கு அளவு பாகமாத்தான் இருக்கும்" என்றார். பெரிய யோசனை. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குக் கிளம்பினேன். நாத்தனார் துணி எடுத்த அதே கடையில் சின்னப்பிள்ளைகள் பிரிவு இரண்டாவது மாடி. அங்கே துணி தொங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். டைனோசர், ரயில், திமிங்கலம், பந்து விளையாடுகிற கரடி. விற்பனைப் பையன், "பிள்ளைக்கு என்ன வயசுக்கா?" என்றான். பதினொன்று என்றதும் நல்ல சுறுசுறுப்பாக ஒரு கட்டுச் சட்டையை இறக்கிப்போட்டான். பிறகு, "பிள்ள எங்க?" என்றான். என் பின்னால் நின்றவனைக் காட்டினேன். இறக்கிய கட்டைத் திரும்ப அடுக்கத் தொடங்கினான்.

"மூணாவது மாடிக்குப் போங்கக்கா. ஜென்ட்ஸ்."

மூன்றாவது மாடியில் என்ன இருந்தது? மண்டையோடு இருந்தது. அதன் வாயில் சிகரெட் இருந்தது. ஒரு பனியனில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. வாசித்துப் பார்த்தால், நேற்றுக் குடித்தது இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்றில் எழுதியிருந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். முட்டியில் கிழித்த ஜீன்ஸ், தொடையில் கிழித்த ஜீன்ஸ். கிழிசல் இல்லாதது வேண்டும் என்றால், ஆபீஸுக்குப் போகிறவர்கள் போடுகிற பேன்ட். அதிலும் இடுப்புக்குப் பொருந்துகிறதை எடுத்தால் கால் தெருவைப் பெருக்கியது. காலுக்குப் பொருந்துகிறதில் மூச்சு விட முடியவில்லை. கட்டம் போட்ட சட்டை ஒன்றை மாட்டிவிட்டு வந்து நின்றான். பிள்ளை அப்படியே ஒரு கிராம நிர்வாக அதிகாரி மாதிரி இருந்தான்.

இத்தனைக்கும் நடுவில் அவன் நாக்கால் ஒரு பல்லை ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைவாயில் பால் பல் ஒன்று விழுவதற்கு நின்றது. பால் பல் விழாத பிள்ளைக்கு மண்டையோடு போட்ட பனியனை நீட்டி, "மாஸா இருக்கும் ப்ரோ" என்று சொல்கிற கடையை என்ன செய்யலாம்? துணி வெட்டுகிற மகராசர்களுக்கு ஒரு யோசனைகூடவா வராது? உடம்பு பெரிதானால் மனதும் கூடவே பெரிதாகிவிடுமா? டைனோசரைக் கொஞ்சம் பெரிய துணியில் அச்சடித்தால் அது கடித்துவிடுமா?

இவ்வளவையும் நான் அங்கேயே சொன்னேன். பில் போடுகிற இடத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மகன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "அம்மா, வா போலாம், எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றான். அவன் கண் நிறைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் நான் நிறுத்தினேன்.

ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. கீழே வந்து அதே வான நீலத்தில் துணி வெட்டி வாங்கினேன். கூடவே இரண்டாவது மாடியில் இருக்கிறதிலேயே சின்னச் சைஸில் யானைச் சட்டை ஒன்றும் வாங்கினேன். அவன் யாருக்கு என்று கேட்டான். யானைக்கு என்றேன். வீட்டுக்கு வந்ததும் புத்தம்புதுச் சட்டையைக் கத்தரியால் வெட்டி அந்த யானையை மட்டும் எடுத்தேன். எங்கள் தெருமுனையில் இருக்கிற தையல்காரர் வழக்கம்போலப் பெரியவர்களுக்குத் தைக்கிற மாதிரி காலரை விறைப்பாக வைத்துத் தைத்திருந்தார். பிரித்துத் தைக்கச் சொன்னேன். "வளருக பய, நாள பின்ன உதவுமே" என்றார். நாளைக்கு உதவ வேண்டாம், இன்றைக்கு உதவினால் போதும் என்று அங்கேயே உட்கார்ந்து பிரித்துத் தைக்க வைத்தேன். யானையை நானே கையால் தைத்தேன். அன்று சாயங்காலம் முழுக்க அவன் அதைக் கழற்றவில்லை.

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன்னால் பெண் வீட்டார் எல்லாரும் ஆதிகேசவப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. வேனில் வந்து இறங்கியதும் நீலச் சட்டைகளெல்லாம் ஒன்றாக ஓடின, என் மகனும் கூடவே ஓடினான். எனக்கு மனது குளிர்ந்தது. அப்போதுதான் அந்த விஷயம் எனக்கு உறைத்தது. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, சட்டைக்காக ஒரு மாதம் ஊரோடு சண்டை போட்ட எனக்கு, அதுவரை அது தோன்றவே இல்லை. கோயிலுக்குள் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு போக முடியாது.

வாசலிலேயே பெரியவர்கள் மெரூன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டார்கள். சின்னவர்கள் கழற்றி அம்மாமார் கையில் எறிந்துவிட்டு ஓடினார்கள். என் மகன் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு தூணோரமாக நின்றான். கோடை விடுமுறையில் ஆற்றில் குளிக்கப் போனபோது இதே பிள்ளைகள் அவன் நெஞ்சைப் பார்த்துப் பெண்பிள்ளை என்று கூப்பிட்டுச் சிரித்திருந்தார்கள். அன்றிலிருந்து அவன் வீட்டில்கூட வெற்றுடம்போடு நிற்பதில்லை.

நாத்தனார் புருஷன் வந்தார். "ஏலே, களத்துலே. ஆம்பளைக்கு என்னலே வெக்கம்? தடியன் மாதிரி வளந்திருக்க, பொட்டப்பிள்ள மாதிரி நாணிக்கிட்டு நிக்க?"

நான்கு பேர் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணைப் பெற்றவர், கல்யாண நாள், கோயில் வாசல், இதெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன். அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த கசவுக்கரை போட்ட நேரியல் துண்டை ஒரே இழுப்பாக இழுத்து உருவினேன்.

"வெக்கம் இல்லாதவங்களுக்கு இது எதுக்கு? என் பிள்ளைக்கு வேணும்."

அவர் வயிறு அத்தனை பேருக்கும் நடுவில் தனியாக நின்றது. தூணுக்குப் பின்னால் மகனைக் கூட்டிப்போய் சட்டையைக் கழற்ற வைத்து, நேரியலை விரித்து இரண்டு தோளையும் சேர்த்துப் போர்த்தி விட்டேன். நம்பூதிரி யாராவது வந்து மேலே துணி கூடாது என்றால் அவருக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். நல்லவேளை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஏறி நின்றோம். திருவட்டாறில் பெருமாள் நீளமாகப் படுத்திருக்கிறார். ஒரு வாசலில் பார்த்தால் முழுசாகத் தெரியமாட்டார். முகத்தை ஒரு வாசலிலும் உடம்பை ஒரு வாசலிலும் பாதத்தை ஒரு வாசலிலுமாக மூன்று வாசலில் பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் என் மகன் அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே எட்டியெட்டிப் பார்த்தான். நேரியல் தோளிலிருந்து சரிந்து கிடந்தது, அதை இழுத்துவிடக்கூட அவனுக்கு நினைவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த அமைதியில் அவன் குரல் நல்ல சத்தமாகக் கேட்டது.

"அம்மா, இந்தச் சாமிக்கு எந்தக் கடையில துணி எடுப்பாங்க?"

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பூசை செய்துகொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். பின்னாலிருந்து நாத்தனார் மட்டும் என் காதருகில் வந்து, "இவ்வளவு பெரிய ஆளா இருந்துக்கிட்டு, பேச்சப் பாரு, சின்னப்பிள்ள மாதிரி" என்றாள்.

நான் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"மாதிரி இல்ல மைனி," என்றேன். "சின்னப்பிள்ளதான்."