மேரியின் கல்லுப்பெட்டி

பழைய பல் பிறஸ்ஸைத் தண்ணீரில் தோய்த்து, கல்லில் வெட்டியிருந்த எழுத்துகளுக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார் டொலறஸ் அன்ரி. காதுக்குப் பின்னால், தச்சரின் பென்சிலைப் போல, ஒரு மெழுகுதிரி.

"இவ்வளவு பெரிய கல்லுப்பெட்டி கட்டத் தெரிஞ்ச சனத்துக்கு கூட்ட ஒரு தும்புத்தடி வாங்கத் தெரியேல்லை."

ரெய்னர்ஸ் லேனில் பஸ் ஏறி, வீடுகள் முடிந்து வயல் தொடங்குமிடத்தில் இறங்கினால் அந்த ஆங்கிலேயக் கிறிஸ்தவக் கோயில். முற்றத்துப் புல்லில், ட்ரங்குப் பெட்டி போல ஒரு குடும்பத்தின் இருநூறு வருஷக் கல்லறை. அதன் பக்கவாட்டுப் பலகைக்கல்லில் வரிசையாகப் பெயர்கள். முதல் வருஷம் வாசிக்க முடிந்தது ஒன்றுதான்: மேரி.

அன்ரியின் தாய் மரியம்மா. கடலுக்கு அப்பால் அவரை அடக்கிய மன்னார்ச் சேமக்காலை, சண்டை மறுபடி தொடங்கியதிலிருந்து ஆமியின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. மரித்தோர் திருநாளுக்கு முன் ஒரு கல்லறையாவது துப்புரவாக்காவிட்டால் அன்ரிக்குச் சோறு இறங்காது; அதனால் வருஷாவருஷம் தாயின் பெயருள்ள இந்தக் கல். பள்ளிக்கூடச் சமையலறையில் சட்டி தேய்க்கிற கை; கறையைக் கண்டால் விடாது.

"அவை வேற சபை, அம்மா. எங்கட ஆக்களும் இல்லை," என்றாள் மடித்த குடையோடு நின்ற மகள் பிறேமினி.

"செத்த பிறகு என்னடி சபை? நீ தண்ணியை ஊத்து."

கோயிலைப் பராமரிக்கும் வெள்ளைக்கார அம்மையார் அப்போதுதான் வந்தார். தணிந்த குரலில் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். பிறேமினி தாயின் பக்கம் திரும்பினாள்.

"பாசியோட சேர்ந்து கல்லும் உதிருதாம், அம்மா. இனித் தேய்க்கக் கூடாதாம்."

அன்ரி குனிந்து பார்த்தார். போன வருஷம் முழுதாக இருந்த மேரியில் இப்போது நடு எழுத்துகள் மட்டுமே மிச்சம். பிறஸ்ஸின் மயிருக்குள் மஞ்சள் மணல்.

"நான்தான் அழிச்சுப்போட்டன், என்ன."

பிறேமினி குடையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"இனி வரலாமோ எண்டு கேள்."

கேட்டாள். "வரலாமாம். திரியும் கொளுத்தலாமாம். கல்லில மட்டும் வைக்க வேண்டாமாம்."

"அப்ப சரி."

பிறஸ்ஸைச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தார். மெழுகுதிரியைப் புல்லில் ஊன்றிக் கொளுத்தினார். பிறகு சுட்டுவிரலைத் தண்ணீரில் நனைத்து, பலகைக்கல்லின் நனையாத ஓரத்தில், தொட்டும் தொடாமலும் எழுதினார்: மரியம்மா. கடைசி எழுத்துக்கு வரும்போது முதலெழுத்து காயத் தொடங்கியிருந்தது. விரலை மறுபடி நனைத்தார்.